அன்னக்கொடி இறக்காத பாரி

அன்னக்கொடி லீவில் ஊருக்கு வருகிறாள் என்று தெரிந்தாலே வேப்பனூத்து மந்தையில் உட்கார்ந்திருக்கிற ஆம்பளைகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கெட்டவளா என்றால் அதெல்லாம் இல்லை. பதினைந்து வருஷம் மதுரையில் நர்ஸ் வேலை பார்த்தவள். காய்ச்சல், நாய்க்கடி, விஷக்கடி என்று அந்த ஊரில் அவள் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத ஆம்பளை ஒருத்தன் கிடையாது. குப்புறப் படுத்து "ஐயோ ஆத்தா" என்று கத்தினவர்கள்தான் அம்புட்டுப் பேரும். பிறகு எப்படி அவள் முகத்துக்கு நேரே மீசையை முறுக்குவது?

செக்கானூரணியில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே நாலு மைல் நடந்தால் வேப்பனூத்து. நல்லகாமனுக்கு மூத்த பிள்ளை அன்னக்கொடி. அடுத்தவன் காளை. பத்தொன்பது வயதில் மாமன் மகன் வெள்ளைத்துரைக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். "கட்டிக்கிட மாட்டேன்" என்றாள். அடித்துப் பார்த்தார்கள். "அடிச்சாலும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறி நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டாள். நல்லகாமன் இரண்டு வருஷம் மகளோடு பேசவில்லை. அதே மனுஷன் வயிற்றுவலியில் கிடந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் பீயும் மூத்திரமும் அள்ளினது அவள்தான். அவர் போன பிறகு காளையைக் கரையேற்றினதும் அவள்தான். 1977இல் லிபியா தேசத்துக்கு நர்ஸுகள் எடுத்தார்கள். பெங்காசி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில் ஊரில் தன் பேரில் ஒரு மெத்தை வீடு கட்டினாள். 79 புரட்டாசியில் லீவுக்கு வந்து பால் காய்ச்சித் தனியாக உலை வைத்தாள்.

அந்த உலையில்தான் வம்பே ஆரம்பித்தது.

வேப்பனூத்தில் தனி உலை வைத்தவன் தனித் தலைக்கட்டு, ஊர்க்கணக்கில் தனிக் குடும்பம். புரட்டாசியில் மாரியம்மனுக்குத் திருவிழா சாட்டினதும் தலைக்கட்டுக்கு ஒரு பாரி போடுவார்கள். மண்சட்டியில் கண்மாய் மண்ணும் ஆட்டெருவும் வைக்கோலும் போட்டு, நவதானியத்தைத் தூவி, வெயில் படாத இருட்டு வீட்டுக்குள் ஒன்பது நாள் வளர்ப்பார்கள். பொம்பளைகள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார்கள், ராத்திரி கும்மியடிப்பார்கள். ஆம்பளை எட்டிப் பார்க்கக் கூடாது. ஒன்பதாம் நாள் வெளுத்த பச்சையில் முழ உயரம் வளர்ந்து நிற்கிற முளையைத் தலையில் தூக்கிக்கொண்டு எல்லாரும் மந்தையில் வந்து நிற்க வேண்டும். ஊர்ப்பெரியவர் ஒவ்வொரு தலைக்கட்டாகப் பேர் சொல்லி அழைப்பார். பேர் அழைத்ததும் அந்த வீட்டுப் பாரி குலவையோடு கோயிலுக்குள் போகும்.

அன்னக்கொடி நேரே பேயாண்டியிடம் போனாள். பேயாண்டிதான் ஊர்ப்பெரியவர், அவளுக்குப் பெரியப்பா முறை.

"பெரியப்பு, இந்த வருசம் எனக்கும் ஒரு பாரி போடச் சொல்லுங்க."

"உனக்கெதுக்குத்தா தனியா? காளை பாரி இருக்குல்ல, அதைத் தூக்கிக்க. ஒந்தம்பி பொண்டாட்டி வேணாம்னா சொல்லப் போறா?"

"அது காளை பாரி. எனக்கு எம்பாரி வேணும். நானுந்தான் தனி உலை வச்சிருக்கேன்."

"உலை வச்சாப் போதுமா? பேரழைக்கயில யாரு பேரைச் சொல்லி அழைக்கிறது? புருசன் பேரா, மகன் பேரா?"

"ஏன், எனக்குப் பேரில்லையா?"

மந்தையே சிரித்தது. போன வைகாசியில் கல்யாணம் கட்டி, போன மாசம் தனிக்குடித்தனம் போன விருமாண்டி, இருபத்தோரு வயசுப் பயல், அவனும் சிரித்தான். அவனுக்குப் பாரி உண்டு. ஒரு ஊருக்கே வைத்தியம் பார்த்த நாற்பது வயசுக்காரிக்குக் கிடையாது. எப்படி இருக்கிறது நியாயம்! அந்த வருஷம் அவள் திருவிழா பார்க்காமலே பெங்காசிக்குத் திரும்பினாள்.

மறுவருஷம் ஆவணியில் காளையிடமிருந்து கடிதம் வந்தது. "அக்கா, லீவுக்கு வாரேன்னு எழுதியிருந்தாய். திருவிழா முடிந்து வந்தால் நல்லது. ஊரில் பேச்சு சரியில்லை. பெரியப்புவுக்கும் நமக்கும் வீண் மனத்தாங்கல் வேண்டாம்." மூன்று தடவை படித்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, உச்சந்தலை வரைக்கும். இவன் படிக்கவும், இவன் கிணற்றுக்கு மோட்டார் வைக்கவும், இவன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு பிரசவத்துக்கும் அக்கா வேண்டும். திருவிழாவுக்கு மட்டும் வேண்டாமாக்கும்!

லீவு கொடுத்தாயிற்று. டிக்கெட்டும் கையில். அறையில் கூட இருந்த மலையாளத்து நர்ஸ் ஒருத்தி போன வருஷம் ஏதென்ஸ் போய்வந்தவள். விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான், எங்கே பார்த்தாலும் பழைய காலத்துக் கோயில்கள், என்று படங்களைக் காட்டினாள். அன்னக்கொடி டிக்கெட்டை மாற்றினாள்.

"எங்கூர்க் கோயில்ல எனக்கு எடமில்லைன்னா எவனூர்க் கோயிலா இருந்தா என்ன? போறேன். போயிப் பாத்துட்டு வாரேன்."

பின்னாளில் ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சாமியே இல்லாத இடிஞ்ச கோயிலைப் பார்க்கக் காசு செலவழித்துப் பறந்து போனாளாம் என்று. சிரிக்கட்டும்.

ஏதென்ஸில் முதல்நாள் எல்லாரையும் போல மலைமேல் இருக்கிற பெரிய கோயிலுக்குப் போனாள். சுற்றுலாக் கூட்டத்தோடு ஏறினவள் வாசலில் நின்று செருப்பு விடுகிற இடத்தைத் தேடினாள். அப்படி ஒரு இடமே அங்கே இல்லை. சரி என்று டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போனாள். பளிங்குக்கல் சுட்டது, வழுக்கியது. தூண்கள் என்னவோ வானத்துக்கு நின்றன. சும்மா சொல்லக்கூடாது, அழகுதான். ஆனால் உள்ளே சாமி இல்லை, விளக்கில்லை. அவளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. சேலையைப் பார்த்த ஜெர்மன்காரர்கள் கோயிலை விட்டுவிட்டு இவளைப் போட்டோ எடுத்தார்கள். திரும்பி வந்தால் செருப்பைக் காணோம். யாரோ வீசிவிட்டுப் போன குப்பை என்று காவலாள் அள்ளிக்கொண்டு போய்விட்டான். அந்த மத்தியான வெயிலில் கடைத்தெரு வரைக்கும் வெறுங்காலோடு நடந்து ஒரு பிளாஸ்டிக் செருப்பு வாங்கினாள்.

அந்தச் சுற்றுலாவில் வழிகாட்டியாக வந்தவர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொல்லியிருந்தார். இந்த நாட்டுக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் தானியத்துக்கென்று ஒரு பெண்தெய்வம் இருந்தது, டெமெட்டர் என்று பேர், அவள் கோயில் எலியூசிஸ் என்ற ஊரில் இருந்தது என்று. அன்னக்கொடி கேட்டாள், அங்கே எப்போது கூட்டிப்போவீர்கள் என்று. அவர் கையை விரித்தார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை அம்மா, சிமெண்ட் ஆலையும் எண்ணெய் ஆலையும்தான், யாரும் போகமாட்டார்கள் என்றார்.

ஒன்றுமில்லை என்று இவர் சொல்லிவிட்டால் ஆயிற்றா? மறுநாள் காலையில் பையில் ரொட்டியும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் வைத்துக்கொண்டு தன்னந்தனியாக டவுன் பஸ் ஏறினாள்.

வழிகாட்டி சொன்னது பொய்யில்லை. கடலில் ஓட்டமில்லாத கப்பல்கள் துருப்பிடித்து வரிசையாக நின்றன. ஆலைப் புகை ஊரை மூடிக் கிடந்தது. டிக்கெட் கொடுக்கிறவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யார் வீட்டுப் பொண்ணு, யார் பெண்டாட்டி என்று கேட்காமல் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். அது அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

உள்ளே நுழைந்ததும் ஒரு பழைய கிணறு. வட்டமான கல்கட்டு. குனிந்து எட்டிப் பார்த்தாள். ஃபீர் என்று விசில் சத்தம். கறுப்பு உடுப்பு உடுத்தின ஒரு பொம்பளை, ஐம்பது வயசு இருக்கும், கழுத்தில் விசிலோடு ஓடி வந்தாள். அவள்தான் அந்த இடத்துக் காவல்காரி. ஸ்டவ்ருலா என்று பேர். புருஷன் செத்துப் பத்து வருஷமாகக் கறுப்பு உடுத்துகிறவள். அக்காள் ஆஸ்திரேலியாவில் இருந்ததால் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். நம்மவளுக்கு ஆஸ்பத்திரி இங்கிலீஷ். இரண்டுமாகச் சேர்த்து நன்றாகவே பேசிக்கொண்டார்கள்.

கிணறு எதற்கு என்று அன்னக்கொடி கேட்டாள். அந்தக் காலத்தில் திருவிழாவின்போது பொம்பளைகள் இதைச் சுற்றி ஆடுவார்கள் என்றாள் அவள். எந்த மாசம்? இதே செப்டம்பர்தான்.

செப்டம்பர் என்றால் புரட்டாசி என்று விரல்விட்டு எண்ணினாள் அன்னக்கொடி. மேலே நடந்தாள்.

அடுத்தது ஒரு பெரிய சதுர மண்டபம் இருந்த இடம். கூரை போய்விட்டது. பாறையில் வெட்டின படிகளும் தூண் நின்ற அடிக்கல்லும்தான் மிச்சம். இங்கேதான் இருட்டில் கூட்டிப் பூசை நடக்குமாம். உள்ளே என்ன நடந்தது என்று வெளியே சொன்னால் தலை போய்விடுமாம். ஆயிரம் வருஷத்துக்கு மேலே நடந்தும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது என்றாள் ஸ்டவ்ருலா. கடைசியில் ஒரு தானியக் கதிரைத் தூக்கிக் காட்டுவார்கள் என்று மட்டும் ஒருத்தர் எழுதி வைத்திருக்கிறாராம்.

அன்னக்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தானியத்துச் சாமி. இருட்டு வீடு. உள்ள நடக்குறதை வெளிய சொல்லக்கூடாது. வெளிய பொம்பளைக கும்மி. இதுல தெரியாததுக்கு என்ன இருக்கு? எங்கூர்ல ஒம்பது வயசுப் புள்ளையக் கேட்டாச் சொல்லுமே!"

அது சரியோ தப்போ, நமக்கென்ன தெரியும். படித்தவர்கள் முடிவு சொல்லவில்லை; அன்னக்கொடி சொல்லிவிட்டாள்.

மேட்டு மேலே ஒரு சின்ன மியூசியம். உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே பெரிய கல்லில் ஒருத்தி. மூக்கும் வாயும் தேய்ந்து போயிருந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. கைகளும் இல்லை. ஆனால் தலைமேல் வட்டமாக ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் தானியக் கதிர் செதுக்கியிருந்தது. கழுத்து நிமிர்ந்து நேரே பார்த்து நிற்கிறாள். பாதி உடம்பு போயும் தலைச்சுமை இறங்கவில்லை.

பின்னமான சிலையைப் பார்க்கக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அன்னக்கொடி பார்த்தாள். வேப்பனூத்தில் இன்றைக்கு ஏழாம் நாள், பாரி முளைத்து நிற்கும் என்று நினைத்தாள். நாக்கு தன்னால் புரண்டது. போட்டாள் பாருங்கள் ஒரு குலவை! அந்தச் சின்ன மண்டபம் அதிர்ந்து போயிற்று. படம் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஸ்டவ்ருலா விசிலை வாயில் வைத்தபடியே ஓடி வந்தாள், யாரோ மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று.

விஷயம் தெரிந்ததும் அவள் கத்தினாள். இது மியூசியம், சத்தம் போடக்கூடாது, வெளியே போ. அன்னக்கொடி நகரவில்லை. "பாரி எடுத்து நிக்கிறா. அவ முன்னாடி வாயை மூடிக்கிட்டு நின்னா அவளுக்கு மரியாதை இல்லை. ஒரு குலவை போட்டுட்டேன், இன்னும் ரெண்டு பாக்கி. நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சொன்னபடி மறுநாள் வந்து புதுசாகச் சீட்டு வாங்கினாள். ஸ்டவ்ருலா அவளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். மியூசியத்தில் வேறு ஆள் இல்லையா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். "சீக்கிரம்" என்றாள். அன்னக்கொடி மிச்சம் இரண்டையும் போட்டாள்.

அப்புறம் வெளியே நிழலில் உட்கார்ந்தார்கள். ஸ்டவ்ருலா திராட்சை கொண்டு வந்திருந்தாள். ஊறுகாயை வாயில் வைத்துவிட்டுக் கண்ணீர் விட்டாள். மியூசியத்தில் இருக்கிறவளைப் போலவே இன்னொரு சிலை இருந்தது, தெரியுமா என்றாள். இந்த ஊர் வயல்காட்டில் கழுத்து வரைக்கும் எருவில் புதைந்து கிடந்ததாம். சனங்கள் எருவைக் கொட்டிக் கொட்டிக் கும்பிட்டார்கள், அவள் இருந்தால்தான் விளையும் என்று. நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு இங்கிலீஷ்காரன் வந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். சனங்கள் மறித்தும் பலிக்கவில்லை.

"எரு போட்டாங்களா!" என்று பூரித்துப் போனாள் அன்னக்கொடி. பிறகு அந்த இங்கிலீஷ்காரனைச் செக்கானூரணிப் பக்கத்துப் பாஷையில் நாலு வார்த்தை வைதாள். அதை இங்கே எழுத முடியாது.

டெமெட்டர் கதையும் அன்றைக்குத்தான் கேட்டாள். பாதாளத்து ராஜா அவள் மகளைத் தூக்கிக்கொண்டு போனதும் தாய்க்காரி சண்டைக்குப் போகவில்லை. இந்த ஊரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மகளைப் பார்க்காமல் ஒரு விதை முளைக்காது என்றாள். பூமி காய்ந்தது. எல்லாத் தெய்வமும் வந்து கெஞ்சியது. அசையவில்லை. கடைசியில் அவர்கள்தான் இறங்கி வந்தார்கள்.

"உக்காந்தே சாதிச்சுப்புட்டா" என்றாள் அன்னக்கொடி. பிறகு கேட்டாள். "அந்த இருட்டு மண்டபத்துக்குள்ள யாரு யாரை விடுவாங்க?"

ஆண், பெண், அடிமை, யாரையும் விடுவார்கள். கொலை செய்தவன் கூடாது. எங்கள் பாஷை தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"கல்யாணம் ஆகலைன்னா?"

ஸ்டவ்ருலாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கச் சொன்னாள். அப்புறம் உதட்டைப் பிதுக்கினாள். அப்படி யாரும் கேட்டதாக எங்கேயும் எழுதியில்லையே என்றாள்.

லீவு முடிகிற வரைக்கும் அன்னக்கொடி வேறெங்கும் போகவில்லை. தினமும் பஸ் பிடித்து வந்து அந்தக் கல்பொம்பளை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

1981 ஆவணியில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கே வந்துவிட்டாள். புரட்டாசியில் சாட்டினார்கள். இந்தத் தடவை யாரிடமும் போய்க் கேட்கவில்லை. மண்சட்டி வாங்கினாள். கண்மாய் மண்ணும் ஆட்டெருவும் தானே அள்ளி வந்தாள். தன் வீட்டு உள்ளறை சன்னலைச் சாக்கு வைத்து அடைத்து, தன் உலைக்குப் பக்கத்திலேயே பாரி போட்டாள். தம்பி பெண்டாட்டி தங்கப்பொண்ணு வந்து எட்டிப் பார்த்து, "மதினி, ஊர்ப்பெரிய மாமனுக்குத் தெரிஞ்சா என்னத்துக்காகும்?" என்றாள். "தெரியட்டும், தண்ணியத் தெளி" என்றாள் இவள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மந்தையில் அறுபத்திரண்டு பாரி வரிசையில் நின்றது. கடைசியாக வந்து நின்ற அறுபத்துமூன்றாவதைப் பார்த்ததும் ஆம்பளைகள் முகம் சுண்டிப் போயிற்று. பேயாண்டி பார்க்காத மாதிரி பேரழைக்க ஆரம்பித்தார். "மொக்கையன்!" என்றார்; ஒரு பாரி உள்ளே போனது. "விருமாண்டி!" "காளை!" தங்கப்பொண்ணு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அறுபத்திரண்டும் போய்விட்டது. பேயாண்டி துண்டை உதறினார்.

"பெரியவரே, மந்தையில ஒரு பாரி நிக்கிதே" என்றார் பூசாரி.

அதுதான் சங்கதி. மந்தையில் ஒரு பாரி நின்றாலும் உள்ளே தீபாராதனை காட்டக் கூடாது. தீபாராதனை ஆகாமல் உள்ளே போன பாரிகளும் இறங்கக் கூடாது. பாரி சுமக்கிறவளைத் தொடக் கூடாது, மறிக்கக் கூடாது, இறக்கச் சொல்லவும் கூடாது. சொன்னால் ஊருக்கு மழை கிடையாது. இந்தச் சட்டமெல்லாம் அன்னக்கொடி போட்டதில்லை. பேயாண்டியின் பாட்டன் போட்டது.

"ஏத்தா, வீட்டுக்குப் போ" என்றார் பேயாண்டி.

"தலையில ஏத்துன பாரி திரும்பி வீட்டுக்குப் போகலாமா பெரியப்பு? நீங்களே சொல்லுங்க."

பேயாண்டி ஆலமரத்து நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். பொம்பளைதானே, எம்புட்டு நேரம் நிற்பாள் என்று நினைத்திருப்பார்.

வெயில் உறைத்தது. கழுத்தெலும்பு நொந்தது. முளையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கண்ணில் எரிந்தது. ஒரு கட்டத்தில் கால் உணர்வே இல்லை. அன்னக்கொடி அந்த மூக்குத் தேய்ந்தவளை நினைத்துக்கொண்டாள். அவளுக்குக் காலே இல்லை, நிற்கிறாள். கையே இல்லை, இறக்கவில்லை. இரண்டாயிரம் வருஷம். எனக்கு ஒரு மத்தியானம் நிற்கத் தெரியாதா?

முதலில் உடைந்தது கோயிலுக்குள்ளே. தங்கப்பொண்ணு சத்தம் வெளியே கேட்டது. "எங்க கழுத்து ஒடியிது! ஒரு பேரைக் கூப்பிடுறதுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா இருக்கு?" பின்னாலேயே மற்ற பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வசவு அம்புட்டும் அன்னக்கொடிக்கு இல்லை, ஆலமரத்தடிக்கு. காளை எழுந்து போய்ப் பேயாண்டி முன்னால் நின்றான். "கூப்பிடுங்க பெரியப்பு. எங்கக்கா எறக்க மாட்டா. எனக்குத் தெரியும்" என்றான்.

பேயாண்டி எழுந்தார். "நல்லகாமன் மக!" என்றார்.

அன்னக்கொடி அசையவில்லை. "அவரு செத்து எட்டு வருசமாச்சு."

"காளையோட அக்கா!"

"காளை பாரி அப்பயே உள்ள போயிருச்சு."

அவர் காறித் துப்பினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "அன்னக்கொடி" என்றார், தனக்குள்ளே பேசிக்கொள்கிற மாதிரி.

"கேக்கலை பெரியப்பு. மத்தவுகளைக் கூப்பிட்ட மாதிரி கூப்பிடுங்க."

"அன்னக்கொடி!"

கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டது. உள்ளே இருந்து அறுபத்திரண்டு பேரும் ஒன்றாகக் குலவை போட்டார்கள். அவள் காலை எடுத்து வைத்தாள். மரத்துப்போன கால் மடங்கியது, சட்டி ஆடியது. காளை தாங்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். தொடக் கூடாது. அவளே நிதானித்து நிமிர்ந்து நடந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வடிந்தது. அதைத் துடைக்க முடியவில்லை, இரண்டு கையும் பாரியில் இருந்தது.